திருட்டா, கொள்ளையா, மோசடியா? குற்றங்களின் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி, பெருந்துறை, பவானி பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்குப் புகார் மனு எழுதித் தருவது என் வேலை. ஊர் வேறு, ஆள் வேறு என்றாலும் மனு எழுத உட்காரும்போது வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறேன். பிரிவு எண்கள் இப்போது நடப்பில் உள்ள சட்டத்தின்படி. பழைய எண் எல்லார் வாயிலும் பழகிவிட்ட இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

குத்தம்னா குத்தந்தானுங்க. பேரு என்னவா இருந்தா நமக்கென்னங்க?

பெயரை வைத்துத்தான் மற்ற எல்லாமே. எந்தப் பிரிவு, வாரண்ட் இல்லாமல் போலீஸ் பிடிக்கலாமா, ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைக்குமா, பின்னால் ராஜியாகப் போக வழி உண்டா, எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

அதற்காக மனுவில் குற்றத்தின் பெயரை நீங்கள் எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. எந்தப் பிரிவு என்று பார்ப்பது ஸ்டேஷன் அதிகாரியின் வேலை. நீங்கள் எழுத வேண்டியது நடந்ததை. "கொள்ளையடித்து விட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்த மனு யாருக்கும் உதவாது. "ராத்திரி 2 மணிக்கு நாய் குரைத்தது, எழுந்து பொடக்காலிக்குப் போனேன், ஒருவன் அரிவாளைக் காட்டிச் சத்தம் போட்டால் வெட்டுவேன் என்றான்" என்று எழுதியிருந்தால், பிரிவு தானாக வந்து உட்காரும். பெயர்களின் அர்த்தம் தெரிந்தால், எந்த விவரத்தை விட்டுவிடக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

ஏனுங்க, இப்ப ஐ.பி.சி.யே இல்லீங்களாமா? 302, 420 எல்லாம் என்னாச்சுங்க?

1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. சுருக்கமாக பி.என்.எஸ். என்கிறோம். பழையதில் 511 பிரிவுகள், புதியதில் 358. கொலைக்கு 302 இருந்த இடத்தில் 103(1), ஏமாற்றுதலுக்கு 420 இருந்த இடத்தில் 318(4), கொலை முயற்சிக்கு 307 இருந்த இடத்தில் 109.

பழைய எண்கள் செத்துப்போய்விடவில்லை. ஜூலை 1-க்கு முன்னால் நடந்த குற்றத்துக்கு, வழக்கு இன்று நடந்தாலும், பழைய பிரிவுதான். அதனால் ஒரே கோர்ட்டில் ஒரே நாளில் இரண்டு எண்களும் காதில் விழும். மனுவில் எண் தேவையில்லை, தேதி கட்டாயம் தேவை.

திருட்டுக்கும் கொள்ளைக்கும் என்னங்க வித்தியாசம்? டி.வி.ல எல்லாத்தையும் கொள்ளைன்னே போடறாங்க

உங்கள் சம்மதம் இல்லாமல், உங்கள் வசம் இருக்கிற அசையும் பொருளைக் கெட்ட எண்ணத்தோடு நகர்த்தினால் திருட்டு. அதற்காக அடித்தாலோ, கட்டிப்போட்டாலோ, இப்போதே வெட்டிவிடுவேன் என்று பயம் காட்டினாலோ அது கொள்ளை. வழியில் நடந்தால் அதையே வழிப்பறி என்கிறோம். கொள்ளை, வழிப்பறி இரண்டுக்கும் பிரிவு 309.

ஒரு பட்டியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் சாளையில் தூங்கும்போது படலைத் திறந்து கிடாயைப் பிடித்துக்கொண்டு போனால் திருட்டு. நீங்கள் விழித்துக்கொண்டு குறுக்கே நின்றபோது கத்தியைக் காட்டிவிட்டு ஓட்டிப்போனால் கொள்ளை. ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைத் துரத்துகிறீர்கள், தப்பிக்கக் கல்லெடுத்து அடிக்கிறான், அப்போதும் ஆட்டைக் கொண்டுபோகத்தான் அடித்தான் என்பதால் கொள்ளைதான். ஆட்டைப் போட்டுவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் அடித்தால் கணக்கு மாறும். திருட்டு ஒன்று, காயம் ஒன்று எனத் தனித்தனியாகப் போகும். ஆகவே அடி விழுந்த நேரத்தில் பொருள் யார் கையில் இருந்தது என்பதை மனுவில் எழுதுங்கள். பலரும் விட்டுவிடுகிற வரி இது.

தேங்காய்க்கும் ஒரு விதி உண்டு. மரத்தில் இருக்கும்வரை அது மண்ணோடு சேர்ந்தது, அசையும் பொருள் இல்லை. பறித்த நிமிஷம் அசையும் பொருளாகிவிடும், எடுத்துப் போனால் திருட்டு. கிணற்று மோட்டாரின் கேபிள் வயரை அறுத்துப் போவதும் திருட்டுதான்.

டி.வி.க்காரர்கள் பூட்டை உடைத்தாலே கொள்ளை என்கிறார்கள். ஆள் இல்லாத வீட்டில் யாரை மிரட்ட முடியும்? அது வேறு குற்றம், கன்னக்களவு பற்றிய கேள்வியில் வருகிறது.

ஆடு ஒண்ணுதானுங்க போச்சு. அதுக்கெல்லாம் கேஸ் எடுப்பாங்களா?

இங்கே விலைதான் முக்கியம். புதிய சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடினால், கோர்ட் உத்தரவில்லாமல் போலீஸ் நேரடியாக விசாரிக்க முடியாத குற்றமாக வைத்திருக்கிறார்கள். முதல் தடவை மாட்டுகிறவர் பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்தால் ஜெயிலுக்குப் பதிலாகச் சமூக சேவைதான் தண்டனை. 5,000-மும் அதற்கு மேலும் போனால் வழக்கமான திருட்டு வழக்கு, 3 ஆண்டு வரை தண்டனை.

"ஒரு ஆடு காணவில்லை" என்று மட்டும் எழுதினால் உங்களுக்குத்தான் நஷ்டம். எத்தனை பல் போட்டது, நிறம், காதில் என்ன அடையாளம், சந்தையில் இன்றைக்கு என்ன விலைக்குப் போகும், எல்லாம் எழுதுங்கள். வளர்ந்த கிடாய் 5,000-த்தைத் தாண்டாமல் எங்கே போகிறது!

எத்தனை பேர் சேர்ந்தா கூட்டுக்கொள்ளைங்க?

5 பேர் அல்லது அதற்கு மேல். பிரிவு 310. நான்கு பேர் உள்ளே போய், ஐந்தாவது ஆள் ரோட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தாலும் ஐந்துதான், கூட இருந்து உதவியவரும் கணக்கில் சேருவார். தண்டனை ஆயுள் வரை போகும். கூட்டுக்கொள்ளையின்போது ஒருவர் கொலை செய்தால்கூட அத்தனை பேருக்கும் மரண தண்டனை வரை கேட்க முடியும். கூட்டுக்கொள்ளைக்கு ஆயத்தம் செய்வதே தனிக் குற்றம். "கொள்ளையடிக்கத் திட்டம், ஆயுதங்களுடன் ஐவர் கைது" என்று பேப்பரில் வருவது அதுதான்.

எஃப்.ஐ.ஆர்.ல கன்னக்களவுன்னு போட்டிருக்குதுங்க. எங்க வீட்டுச் செவுத்துல ஓட்டையே போடலீங்களே?

சுவரில் கன்னம் வைத்துத் துளை போட்டு நுழைந்த காலத்திலிருந்து வந்த பெயர் அது. இன்று, ஆள் நுழைவதற்கென்று இல்லாத எந்த வழியில் புகுந்தாலும், பூட்டைத் திறந்து புகுந்தாலும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் பத்துப் பன்னிரண்டு ஓடுகளை மட்டும் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டு, ஓடு தாங்கும் ரீப்பரை அறுத்து, ஆசாரத்துக்குள் இறங்குவார்கள். கதவும் பூட்டும் அப்படியே இருக்கும். அதுவும் கன்னக்களவுதான். ராத்திரியில் என்றால் தண்டனை கூடுகிறது, எனவே எப்போது கடைசியாக வீட்டைப் பார்த்தீர்கள், எப்போது தெரிந்தது என்ற இரண்டு நேரங்களையும் எழுதுங்கள். போலீஸ் வந்து ரேகை எடுக்கும்வரை பிரித்த ஓடுகளை அடுக்கி வைக்க வேண்டாம்.

பைக்ல வந்து தாலிக்கொடியை அத்துட்டுப் போனா அது திருட்டா, வழிப்பறியா?

முன்பு சிலர் திருட்டு என்று போடுவார்கள், சிலர் வழிப்பறி என்று போடுவார்கள். புதிய சட்டம் "பறிப்பு" என்று தனிப் பிரிவே வைத்துவிட்டது, எண் 304. திடீரென்றோ பலவந்தமாகவோ பிடுங்கிக்கொண்டு ஓடுவது, 3 ஆண்டு வரை தண்டனை. ஆனால் அம்மணியைக் கீழே தள்ளிவிட்டிருந்தாலோ, கழுத்தில் காயம் பட்டிருந்தாலோ, கத்தி காட்டியிருந்தாலோ மேலே சொன்ன 309-க்கு ஏறும். அதனால் சிறு கீறலாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டு வாருங்கள்.

பட்டறையில நகை செய்யக் கொடுத்த தங்கத்தோட ஆள் ஓடிட்டானுங்க. இது திருட்டுதானுங்களே?

கோவையில் தங்கப் பட்டறை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது. திருட்டில் பொருள் உங்கள் சம்மதமில்லாமல் போகிறது. இங்கே நீங்களே எடைபோட்டு, சீட்டு எழுதி, நம்பிக் கையில் கொடுத்தீர்கள். நம்பி ஒப்படைத்ததை அவர் தனதாக்கிக்கொண்டார். இதற்கு நம்பிக்கை மோசடி என்று பெயர், பிரிவு 316. வேலைக்காரரோ குமாஸ்தாவோ செய்தால் 7 ஆண்டு வரை. மில்லில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர் நூல் கோனை வெளியே விற்றாலும், சங்கச் செயலாளர் உறுப்பினர் பணத்தை எடுத்துக்கொண்டாலும் இதே வகைதான். பேப்பரில் கையாடல் என்று போடுவார்கள்.

வீட்டு வாசலில் வந்து "பாலிஷ் போட்டுத் தருகிறோம்" என்று நகையை வாங்கிப் போகிறவன் செய்வது ஏமாற்றுதல். ஆரம்பத்திலேயே பொய் சொல்லித்தான் நகையை உங்கள் கையிலிருந்து வாங்கினான். பட்டறை ஆள் வாங்கும்போது நல்லவராகவே இருந்திருக்கலாம், புத்தி பிறகு மாறியது. கெட்ட எண்ணம் எப்போது வந்தது என்று பாருங்கள். முன்னாலேயே இருந்தால் ஏமாற்றுதல், பின்னால் வந்தால் நம்பிக்கை மோசடி. பட்டறைக்காரர்களுக்கு என் வேண்டுகோள், தங்கம் கொடுத்த சீட்டில் கையெழுத்து வாங்காமல் ஒரு கிராம்கூடக் கொடுக்காதீர்கள். ஒப்படைத்தேன் என்பதற்கு வேறு சாட்சி இருக்காது.

பனியன் துணி எடுத்துட்டுப் பணமே தரலீங்க. 420 போட்டு உள்ள தள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியாது. திருப்பூர்க்காரர்கள் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள், ஆனால் சரியான பதில் இதுதான். இரண்டு வருஷம் ஒழுங்காகப் பணம் கொடுத்தவர், தொழில் நொடித்து மூன்றாவது வருஷம் நிறுத்தினால் அது கடன் பாக்கி. சிவில் கோர்ட்டில் வசூல் வழக்குப் போட வேண்டும். ஏமாற்றுதல் என்று சொல்ல, சரக்கு எடுக்கும் அன்றைக்கே தராமல் விடுகிற எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். இல்லாத கம்பெனியின் பெயரில் ஆர்டர் கொடுத்தது, பொய் முகவரி, வாங்கிய மறுநாளே பாதி விலைக்குத் தள்ளிவிட்டுக் கடையைக் காலி செய்தது, இப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அது வேறு.

அவர் கொடுத்த செக் திரும்பியிருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. செலாவணி முறிச் சட்டம் 138-வது பிரிவு. பேங்க் திருப்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். இது ஸ்டேஷனுக்குப் போகிற விஷயமே இல்லை. ஸ்டேஷன் வாசலில் நின்றே இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். செக் திரும்பினால் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

கம்பெனில டெபாசிட் போட்டோமுங்க. பூட்டிட்டுப் போயிட்டாங்க. யார்கிட்டப் போறது?

2012-ல் பெருந்துறையை மையமாக வைத்து வெடித்த ஈமு கோழி விவகாரம் நம் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. குஞ்சும் தீவனமும் தருகிறோம், மாதாமாதம் பணமும் தருகிறோம் என்று சொல்லி டெபாசிட் வாங்கினார்கள். இப்படி ஊரெல்லாம் பணம் திரட்டி ஏமாற்றுவது வெறும் ஏமாற்றுதல் அல்ல, தமிழ்நாட்டில் 1997-ல் முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டமே வந்தது. டான்பிட் சட்டம் என்பார்கள். விசாரிப்பது பொருளாதாரக் குற்றப்பிரிவு, வழக்கு நடப்பது கோவையில் உள்ள தனி நீதிமன்றத்தில். நிறுவனத்தின் சொத்தை முடக்கி விற்று முதலீட்டாளர்களுக்குப் பிரித்துத் தர அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. திருப்பூர் பாசி நிறுவன வழக்கில் அந்த நீதிமன்றம் 2022-ல் இருவருக்கு 27 ஆண்டுச் சிறை விதித்தது.

ரசீது, பாண்டு, ஏஜென்ட் பேசிய வாட்ஸ்அப், ஒன்றையும் அழித்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா நடத்திய தீபாவளிச் சீட்டு என்றாலும் நோட்டில் பதிந்த தவணைக் கணக்குதான் உங்கள் ஆதாரம்.

கந்துவட்டி, மீட்டர் வட்டின்னு சட்டத்துலயே இருக்குதுங்களா?

இருக்கிறது. 2003-ல் வந்த தமிழ்நாடு அதீத வட்டி வசூலித்தல் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தினவட்டி, மணி வட்டி, தண்டல் என்று நாம் பேசுகிற பெயர்களையே எடுத்து விளக்கம் கொடுத்திருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். வாங்கிய கடன் உண்மைதானே என்று கூச்சப்பட்டுப் பேசாமல் இருக்க வேண்டாம். தறியைப் பிடுங்கிப் போனாலோ வீட்டுக்கு வந்து மிரட்டினாலோ அவை தனித்தனிக் குற்றங்கள்.

கொலைன்னா கொலைதானுங்க? கொலையாகாத மரணம்னு ஒண்ணு எப்படீங்க வரும்?

கொன்றே தீர வேண்டும் என்ற எண்ணத்தோடோ, நிச்சயம் சாவு வரும்படியான காயத்தை வேண்டுமென்றே உண்டாக்கியோ செய்தால் கொலை. சாவு வரலாம் என்று தெரிந்தும் செய்தார், ஆனால் அந்த ஆளைக் கொல்லும் எண்ணம் இல்லை என்றால் கொலையாகாத மரணம் விளைவித்தல், பிரிவு 105. திடீர்ச் சண்டையில், முன்திட்டமில்லாமல், ஆத்திரத்தில் நடந்ததும் இந்தப் பக்கம் வரக்கூடும்.

சத்தி, தடாகம், மதுக்கரை என்று மலையடிவாரத் தோட்டங்களில் நடப்பதைப் பாருங்கள். காட்டுப்பன்றி சோளத்தை அழிக்கிறது என்று சுற்றிலும் கம்பி கட்டி, கம்பத்திலிருந்து கொக்கி போட்டு நேராக மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். விடியற்காலையில் தண்ணீர் கட்டப் போன பக்கத்துத் தோட்டத்து ஆள் மிதித்துச் சாகிறார். கம்பி கட்டியவருக்கு அவர் மேல் எந்தப் பகையும் இல்லை, ஆனாலும் அந்தக் கம்பி ஆளைக் கொல்லும் என்று அவருக்குத் தெரியாதா? இதை வெறும் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. 105-ல் போனால் 10 ஆண்டு வரை. மின்திருட்டு தனி, யானை செத்தால் 1972-ம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தனி. சூரிய மின்வேலி அடி மட்டும் கொடுக்கும், ஆளைக் கொல்லாது. கம்பத்திலிருந்து இழுத்த கம்பி கொல்லும். ஒரு வெள்ளாமைக்காக ஒரு உயிரையும் உங்கள் குடும்பத்தையும் பணயம் வைக்காதீர்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ரோட்டில் வண்டி மோதி இறப்பது பெரும்பாலும் மூன்றாவது வகை, கவனக்குறைவால் மரணம். பழைய 304ஏ, இப்போது 106(1). முன்பு 2 ஆண்டு வரை, இப்போது 5 ஆண்டு வரை.

ஆதாயக் கொலைன்னு போடறாங்களே, அது தனிக் குத்தமுங்களா?

தனிப் பிரிவு இல்லை, போலீஸ் வகை பிரிக்க வைத்திருக்கும் பெயர். பகையால், குடும்பத் தகராறால் நடப்பதிலிருந்து பிரித்து, நகைக்கும் பணத்துக்கும் செய்த கொலையை ஆதாயக் கொலை என்கிறார்கள். வழக்கில் கொலையும் கொள்ளையும் சேர்ந்தே வரும். 2024 நவம்பரில் பல்லடம் பக்கமும், 2025-ல் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த பெரியவர்கள் கொல்லப்பட்ட பிறகு இந்தச் சொல் நம் பக்கம் எல்லார் வாயிலும் வந்துவிட்டது. அப்பாரு, அப்பத்தாவைத் தோட்டத்தில் தனியாக விட்டிருப்பவர்கள் பக்கத்து ஸ்டேஷனில் சொல்லி, ரோந்துப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆணவக்கொலையும் அப்படித்தானுங்களா?

ஆமாம், வழக்கு கொலை வழக்குதான். சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காகப் பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ செய்கிற கொலை. முன்பு கௌரவக் கொலை என்று எழுதினார்கள். கொலையில் கௌரவம் எங்கே இருக்கிறது? ஆணவக்கொலை என்று எழுதுவதுதான் சரி, மனுவிலும் பேச்சிலும் அதையே சொல்லுங்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் கொல்லப்பட்டதை நாடே பார்த்தது. இறந்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக, செய்தவர் அப்படி இல்லாதவராக இருந்தால் அடுத்த கேள்வியில் வரும் சட்டமும் சேரும்.

பி.சி.ஆர். கேஸ்னு சொல்றாங்களே, அது என்னங்க?

1955-ம் வருடத்துக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. தீண்டாமையைக் குற்றமாக்கியது. டீக்கடையில் தனிக் குவளை வைப்பது, கோவிலுக்குள் விடாதது எல்லாம் அதில் வரும். இன்று பெரும்பாலும் பதிவாவது 1989-ம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில்தான், ஆனால் மக்கள் வாயில் பழைய பெயரே நிற்கிறது. வன்கொடுமை என்றால் இந்தச் சட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீது நடக்கும் குறிப்பிட்ட குற்றங்கள். டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். பலரும் இருக்கிற இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், என்ன வார்த்தை சொன்னார் என்பதை அப்படியே எழுதுங்கள். "கேவலமாகப் பேசினார்" என்று நாசூக்காக எழுதினால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும்.

சந்தேக மரணம்னு கேஸ் போட்டிருக்காங்க. அப்ப கொலை இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்களா?

இல்லை. சாவுக்குக் காரணம் தெரியாதபோது விசாரிப்பதற்காகப் பதிவு செய்வது அது. பழைய 174, இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194. அது குற்றத்தின் பெயரே அல்ல. பிரேத பரிசோதனை அறிக்கை வந்த பிறகு கொலை என்றோ தற்கொலைக்குத் தூண்டுதல் என்றோ பிரிவை மாற்றுவார்கள். கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் இறந்தால் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணை நடக்கும். அங்கே போகும்போது பெண்ணைப் பெற்றவர்கள் சீர், நகை, கேட்ட பணம் எல்லாவற்றையும் தேதியோடு சொல்ல வேண்டும். வரதட்சணை மரணமா இல்லையா என்பது அந்த வாக்குமூலத்தில்தான் நிற்கும்.

வரப்புத் தகராறுல அடிச்சுட்டாங்க. காயம், கொடுங்காயம்னு எப்படிப் பிரிக்கறாங்க?

எலும்பு முறிந்தாலோ பல் விழுந்தாலோ, கண், காது, கை கால் போனாலோ, முகம் நிரந்தரமாக விகாரமானாலோ, உயிருக்கு ஆபத்து என்றாலோ கொடுங்காயம். 15 நாள் கடும் வலியோடு கிடந்தாலும், அன்றாட வேலை பார்க்க முடியாமல் போனாலும் அப்படித்தான். பழைய சட்டத்தில் 20 நாள். மற்றது சாதாரண காயம். ஆயுதம் எது என்பதும் பிரிவை மாற்றும். வெறுங்கையால் அடித்துச் சாதாரண காயம் என்றால் போலீஸ் நேரடியாக வழக்கு எடுக்க முடியாது, மண்வெட்டியால் என்றால் முடியும். பல் ஆடினால் டாக்டரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அதே தகராறில் வரப்பு யாருடையது என்பது சிவில், சர்வே அளந்துதான் தீரும். இரண்டையும் ஒரே மனுவில் குழப்ப வேண்டாம்.

புள்ளையைக் கடத்தறதும் கடத்தல், ரேஷன் அரிசி கடத்தறதும் கடத்தல். ரெண்டும் ஒண்ணுங்களா?

சொல் ஒன்று, குற்றம் வேறு. சந்தன மரம், மணல், வாளையாறு வழியாகப் போகும் ரேஷன் அரிசி, இவை பொருள் கடத்தல், ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம். அரிசி என்றால் 1955-ம் வருடத்து அத்தியாவசியப் பொருள் சட்டம். மனிதரைக் கொண்டுபோவது ஆள்கடத்தல். சந்தனக் கடத்தல் வீரப்பன் 2000 ஜூலை 30-ல் தாளவாடி பக்கம் காஜனூரிலிருந்து நடிகர் ராஜ்குமாரைக் கொண்டுபோனபோது இரண்டு அர்த்தமும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன.

ஆள்கடத்தலில் வயது முக்கியம். 18 ஆகாத பிள்ளையைப் பெற்றோர் சம்மதமின்றிக் கூட்டிப்போனால், பிள்ளை தானாக வந்தது என்றாலும் கடத்தல்தான். 18 முடிந்த மகள் தன் விருப்பத்தில் போய்விட்டால் அது கடத்தல் ஆகாது. தெரிந்தே பையன் மேல் கடத்தல் புகார் எழுதித் தரச் சொன்னால் நான் எழுதுவதில்லை. காணவில்லை என்று எழுதலாம், உண்மை அதுதான்.

பொம்பளைப் புள்ளைங்க விஷயத்துல என்ன வார்த்தை எழுதறதுன்னே தெரியலீங்க

"கற்பழிப்பு" என்று எழுத வேண்டாம். பாதிக்கப்பட்டவரிடம் எதுவோ அழிந்துவிட்டதாகச் சொல்லும் சொல் அது. பாலியல் வன்கொடுமை என்று எழுதுங்கள். தொடுவது, ஆபாசமாகப் பேசுவது பாலியல் தொல்லை, திரும்பத் திரும்பப் பின்னால் வருவதும் மெசேஜ் அனுப்புவதும் பின்தொடர்தல், மறைவில் படமெடுப்பது இன்னொரு குற்றம். 18-க்குக் கீழ் என்றால் ஆணோ பெண்ணோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், அங்கே தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

பாதிக்கப்பட்டவரின் பெயரையோ ஊரையோ வெளியிட பி.என்.எஸ். 72-வது பிரிவு தடை போடுகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் வெளியிடுவதுதான். 2019-ல் வெளியே வந்த பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தது. தைரியமாக வந்து சாட்சி சொன்ன பெண்களால்தான் அது நடந்தது. அவர்கள் யாரென்று தேடுவதை விட்டுவிடுங்கள்.

ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்தாங்க. கேஸ் ஆயிடுச்சுங்களா?

ஆகவில்லை. அது மனு வாங்கிக்கொண்டதற்கான ரசீது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று மனுவிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்யலாம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வேறு ஸ்டேஷன் எல்லை என்று விரட்டவும் கூடாது, எங்கே கொடுத்தாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிவு செய்து அனுப்ப வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

மனுவுல அவனைக் குற்றவாளின்னு எழுதலாமுங்களா?

வேண்டாம். தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர். கோர்ட் தமிழில் எதிரி என்பார்கள், அதில் பகை என்ற அர்த்தம் இல்லை. முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்பது ஏ1, ஏ2. சந்தேகம் மட்டும் என்றால் சந்தேகம் என்றே எழுதுங்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் உண்மையான பகுதியும் சேர்ந்து விழுந்துவிடும்.

குண்டர் சட்டத்துல போட்டா தண்டனை கிடைச்ச மாதிரிங்களா?

இல்லை. 1982-ம் வருடத்து 14-வது சட்டம் அது, இனிமேல் செய்யாமல் தடுத்து வைப்பதற்கு. கலெக்டரோ கமிஷனரோ உத்தரவு போடுவார், ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். ஆலோசனைக் குழுமமும் உயர் நீதிமன்றமும் ரத்து செய்ய முடியும். உங்கள் வழக்கு தனியாக நடந்துகொண்டே இருக்கும், எதிரி வெளியே வந்துவிட்டார் என்றால் வழக்கு தோற்றது என்று அர்த்தமில்லை.

ஊர்ல பேசி ராஜியாயிட்டோமுங்க. கேஸ் தானா போயிருமுங்களா?

தானாகப் போகாது. சாதாரண காயம், திருட்டு போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர் கோர்ட்டில் நேரில் வந்து சொன்னால் முடியும். கொடுங்காயம், ஏமாற்றுதல் போன்றவற்றுக்குக் கோர்ட் அனுமதி வேண்டும். கொலை, கூட்டுக்கொள்ளை, பாலியல் வன்கொடுமைக்கு ராஜியே கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. சில வழக்குகளை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு ரத்து செய்ய முடியும், அதை வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ராஜியாகிவிட்டோம் என்று இரு தரப்பும் கோர்ட்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்தால், சாட்சிக்கும் எதிரிக்கும் வாரண்ட்தான் வரும். அடுத்த வாய்தா தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, இருவரும் ஆதார் நகலோடு அன்றைக்குப் போய் நில்லுங்கள்.